ஆயிலில் கலந்தது எந்தத் தண்ணீர்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. மீன்கள் இனம்பெருக அரசு விதித்திருக்கும் 61 நாள் தடைக்காலம் அது. படகுக்காரர்களுக்கு அதுவே பழுதுபார்க்கும் காலமும். காசிமேட்டிலிருந்து மண்டபம் வரை எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும், கரையேற்றிய படகுகளின் அடிப்பகுதியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவர்களையும், எஞ்சின் அறைக்குள் இடுப்பளவு இறங்கி நிற்கும் மெக்கானிக்குகளையும் பார்க்கலாம். மேலே ஒரு சாக்கின்மீது சிலிண்டர் ஹெட் கிடக்கும். அதன் பக்கத்தில் ஓட்டைகள் நிறைந்த, ஓரம் கருகிய ஒரு தகடு கிடக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புதுத் தகடு வாங்கிவர ஆள் போயிருப்பார். ஹெட் கேஸ்கட் என்கிற அந்தப் பழைய தகட்டை நிதானமாகப் பார்க்காமல் தூக்கி எறிவதுதான், அடுத்த சீசனிலேயே அதே ஹெட்டை மறுபடி தூக்க வேண்டிவருவதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

பழைய படகு எஞ்சின்களில் பல, பிறப்பால் லாரி எஞ்சின்கள். ரேடியேட்டரையும் விசிறியையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கடல்நீரால் குளிரும் அமைப்பைப் பொருத்தி, கியர்பாக்ஸை மாற்றினால் படகு எஞ்சின் தயார். இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. மேல்நாட்டுப் பாய்மரப் படகுகள் பலவற்றில் இருக்கும் பெர்கின்ஸ் 4.108, வேன்களிலும் ஓடிய எஞ்சின்தான். ஆனால் லாரிக்கு இறக்கம் வரும், சிக்னல் வரும், டீக்கடை வரும். மடி வலையை இழுத்துக்கொண்டு போகும் படகுக்கு இவை எதுவும் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே பாரம், ஒரே வேகம். அந்தப் பாரத்தின் கணக்கு முதலில் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், அந்தத் தகட்டின் தலையில்.

அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். கீழே பிளாக், மேலே ஹெட், நடுவில் இது. பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறிப்போக வேண்டியவை இரண்டு: எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர், வால்வுகளுக்கு உயவாகும் எண்ணெய். சிலிண்டரை விட்டு வெளியே வரவே கூடாதது ஒன்று: எரியும் வாயு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்க, ஒன்று மற்றொன்றில் கலக்காமல் காப்பதுதான் கேஸ்கட்டின் வேலை.

வேலை எவ்வளவு கடினமானது என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினில் டீசல் பற்றி எரியும் கணத்தில் உள்ளே ஏறும் அழுத்தம் ஏறத்தாழ 80 பார். அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் 80 மடங்கு. அந்த வட்டப் பரப்பில் இது ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஆறு டன்னுக்கும் மேல். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 750 முறை இந்த அடி விழுகிறது. எட்டு மணி நேரம் வலை இழுத்தால் சிலிண்டர் ஒன்றுக்கு 3,60,000 அடி.

இத்தனைக்கும் ஹெட்டைத் தூக்கவிடாமல் பிடித்திருப்பவை போல்ட்டுகள். போல்ட்டை நாம் ஆணியின் அண்ணன் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் இறுக்கிய போல்ட் என்பது இழுத்துவைத்த ஒரு ஸ்பிரிங். 120 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும்போது அது சுமார் 0.3 மில்லிமீட்டர் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புத்தான் ஹெட்டைக் கேஸ்கட்டின்மேல் அமுக்கி வைக்கிறது. இந்த 0.3 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கட் நசுங்கி, அதன் தடிமன் வெறும் 0.1 மில்லிமீட்டர் குறைந்தால்கூட, போல்ட்டின் நீட்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அமுக்கும் விசையிலும் ஏறத்தாழ அதே பங்கு போய்விடும். ஒரு தாளின் தடிமன் அளவுக்கு நசுங்கினால் போதும், டன் கணக்கில் பிடிமானம் காணாமல் போகும்.

கேஸ்கட்டை அப்படி நசுக்குவது பெரும்பாலும் சூடு. வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒரு மீட்டருக்கு 11 மைக்ரான் நீளும். அலுமினியம் அதில் இரு மடங்கு. 60 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு ஹெட், தனக்குக் கீழே இருக்கும் பிளாக்கைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அது பிளாக்கைவிட 0.33 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். போல்ட்டுகள் விடாது. நீள இடமில்லாத இரும்பு தனக்குள்ளேயே நெரிபட்டு, நிரந்தரமாக உருமாறிவிடும். சூடு தணிந்து சுருங்கும்போது பழைய தட்டை நிலைக்கு அது திரும்பாது. லேசாக வளைந்து நிற்கும். கேஸ்கட்டோ நெரிபட்ட இடத்தில் மெலிந்து கிடக்கும். ஆகவே எஞ்சின் கொதித்த அன்றைக்கே கேஸ்கட் போக வேண்டும் என்பதில்லை. ஆறிய பிறகு, நாலைந்து கடல் ஓட்டம் கழித்து, எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்திருக்கும் ஒரு நாளில் போகும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியால்தான் கேஸ்கட்டின்மேல் பழி விழுகிறது. ‘மட்டமான கேஸ்கட்டைக் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரருக்கும் கொஞ்சம் திட்டு விழும்.

படகு ஏன் கொதிக்கிறது? எரியும் டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதுதான் புரொப்பல்லர் தண்டுக்குப் போகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துபோக வேண்டும். 100 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பாரத்தில் ஓடும்போது குளிர்விக்கும் நீரில் இறங்கும் வெப்பம் 50 கிலோவாட் அளவுக்கு இருக்கும். இந்த வெப்பத்தை, கடல்நீரின் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு 75 லிட்டர் கடல்நீர் ஓடியாக வேண்டும். அதைத் தள்ளித் தருவது கையளவு ரப்பர் இம்பெல்லர். அதன் இதழ் ஒன்று பிய்ந்தாலோ, அடியில் இருக்கும் வடிகட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலோ, சொறிமீன் கூட்டம் ஒன்றைக் கடந்துபோனாலோ கணக்கு தப்பிவிடும். பிய்ந்த ரப்பர் இதழ் அத்தோடு தொலைந்துபோவதும் இல்லை. குழாய் வழியே போய், எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று தலையைச் சொறிபவர்கள், பழையதில் எத்தனை இதழ் குறைகிறது என்று எண்ணி, அத்தனையையும் தேடி எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷமமான விஷயம் உண்டு. டிரைவர் நம்பியிருக்கும் சூட்டுமானியின் உணர்முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமும் வெளியேறி, முனை வெறும் காற்றில் நின்றால் முள் இறங்கிவிடும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போது மானி நிம்மதியான எண்ணைக் காட்டும். புகைக்குழாயிலிருந்து விழும் கடல்நீரின் அளவையும் சத்தத்தையும் கவனிக்கும் பழைய டிரைவர்களின் பழக்கம் இதைவிட நம்பகமானது.

சரி, கேஸ்கட் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

“அண்ணே, ஆயில்ல தண்ணி கலந்திருச்சுண்ணே. ஹெட் கேஸ்கட்டுதான?”

தேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு கேட்கும் முதல் கேள்வி: “எந்தத் தண்ணிடா தம்பி?”

லாரியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே இருப்பது ஒரே தண்ணீர். படகில் இரண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள எஞ்சினில் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றிவருவது டேங்கில் ஊற்றிய நல்ல தண்ணீர் மட்டுமே. கடல்நீர் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, அந்த நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். அது ஹெட் கேஸ்கட்டைத் தொடுவதே இல்லை. அப்படியானால் ஆயிலில் வந்த தண்ணீர் கடல்நீர் என்று தெரிந்த கணமே ஹெட் கேஸ்கட்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம். சந்தேகம் வேறு ஆட்கள்மீது திரும்பும்: கடல்நீரால் குளிரும் ஆயில் கூலர், சீல் தேய்ந்த கடல்நீர் பம்பு, உள்ளே அரித்துப்போன புகைக் குழாய் வளைவு. ஹெட்டைத் தூக்கும் செலவும் இரண்டு நாள் வேலையும் மிச்சம்.

கடல்நீரை நேராக பிளாக்குக்குள்ளேயே சுற்றவிடும் மிகப் பழைய எஞ்சின்களில் மட்டும் இந்தச் சோதனை உதவாது. அவற்றில் உப்புத் தண்ணீர் எங்கும் இருக்கும். படகின் அடியில் ஓடும் குழாய்களால் குளிரும் கீல் கூலர் வகையில் உள்ளே சுற்றுவது நல்ல தண்ணீர்தான். ஆனால் அந்தக் குழாயோ, எக்ஸ்சேஞ்சரின் குழாயோ ஓட்டையானால் கடல்நீர் டேங்குக்கே வந்துவிடும். ஆகவே டேங்குத் தண்ணீரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

உப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கில் தொட்டுப் பார்ப்பது வேண்டாம். டேங்கில் கூலன்ட் ஊற்றியிருந்தால் அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும்; இனிப்பாக இருக்கும், விஷம். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் எல்லோரும் செய்திருக்கும் சோதனை போதும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து கொஞ்சம் ஆயிலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தால், தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். புட்டியை வெந்நீரில் நிறுத்திவைத்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். அடித்தண்ணீரில் சில துளிகளை எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால், குளோரைடு இருக்கும் இடத்தில் வெள்ளி குளோரைடு வெண்மையாகத் திரியும்.

ஆனால் நம் கடற்கரையில் ஒரு சிக்கல். ராமநாதபுரம் பக்கத்துக் கிணறு பலவற்றில் தண்ணீரே உப்புத்தான். டேங்கில் அதையே ஊற்றியிருந்தால் நல்ல தண்ணீரும் வெள்ளையாகத் திரியும். ஆகவே ஒரு புட்டிக்கு மூன்று புட்டி வேண்டும்: ஆயிலிலிருந்து பிரிந்த தண்ணீர், டேங்குத் தண்ணீர், கடல்நீர். மூன்றிலும் ஒரே அளவு துளி விட்டு, எதோடு எது ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு இந்த அளவைத் தாண்டியிருந்தாலும், கடல்நீரோடு உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்பதிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கு இன்னும் எளிய வழி உண்டு. சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் நல்ல ஆயில் அமைதியாகப் புகையும். தண்ணீர் கலந்தது பொரியும். அதிகம் கலந்திருந்தால் சோதனையே தேவையில்லை. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பிசின் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரமே ஓடி, முழுச் சூட்டுக்கு வராமல் நிறுத்தப்படும் எஞ்சின்களில் காற்றின் ஈரம் அங்கே போய்ப் படிவது வழக்கம்.

வந்தது நல்ல தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேஸ்கட்தான் என்று தீர்மானிக்கக் கூடாது. எது எங்கே போகிறது என்பதை அழுத்தம்தான் முடிவுசெய்கிறது. ஓடும் எஞ்சினில் சிலிண்டருக்குள் 80 பார், ஆயிலில் மூன்று நான்கு பார், தண்ணீரில் ஒரு பாருக்கும் குறைவு. எனவே ஓடும்போது வாயு தண்ணீருக்குள் போகும், ஆயிலும் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்திய பிறகு வாயுவுக்கும் ஆயிலுக்கும் அழுத்தம் போய்விட, தண்ணீர் மட்டும் மேலேயிருந்து கசிந்து இறங்கும். டேங்கின் மேல் ஆயில் படலம் மிதக்கிறது, குமிழி ஒன்றும் வரவில்லை என்றால் வாயு சம்பந்தப்படவில்லை. தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் முதல் சந்தேக நபர். கேஸ்கட்டில் ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே இருக்கும் பகுதி அடுத்தது. காலையில் எஞ்சினைப் போட்டதும், சூடேற நேரமே இல்லாதபோது, டேங்க் குழாய் விறைத்துக் கெட்டியானால் அது ஆவியின் வேலையல்ல. சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுந்திருக்கிறது. மூடியைத் திறந்துவைத்தால் குமிழிகள் விடாமல் வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். சூடான டேங்கின் மூடியைத் திறந்தால், அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருந்த தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

குமிழி வெறும் காற்றா, எரிந்த வாயுவா என்று தெரிந்துகொள்ள ஒரு நீலத் திரவம் இருக்கிறது. புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி. டேங்கின் வாயில் வரும் வாயுவை இந்தத் திரவத்தின் வழியே உறிஞ்சினால், அதில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும்போது கார்பானிக் அமிலம் உண்டாகி நிறம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். பெட்ரோல் எஞ்சினில் இது சட்டென்று மாறும். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றை அளவுக்கு மிஞ்சி இழுக்கும் என்பதால் அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. நிறம் மாறாமலே ஏமாற்றிவிடக்கூடும். படகை ஜெட்டியில் நன்றாகக் கட்டி, கியரில் போட்டு, பாரம் கொடுத்துச் சோதிப்பது நல்லது.

வெள்ளைப் புகையை நம்பி முடிவெடுப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லாரியில் வெள்ளைப் புகை வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று ஓரளவு சொல்லலாம். படகில் பல எஞ்சின்களின் புகைக் குழாய்க்குள்ளேயே கடல்நீரைப் பாய்ச்சித்தான் புகையைக் குளிர்விக்கிறார்கள். அதிலிருந்து ஆவி வராமல் வேறு என்ன வரும்? எரியாத டீசலும் வெள்ளையாகவே புகையும். கண்ணைக் கரிக்கும் வாடையை வைத்து அதைப் பிரிக்கலாம். இந்த ஈரப் புகைக் குழாய் இன்னொரு வம்பும் செய்யும். எஞ்சின் பிடிக்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அமுக்கினால், வெளியே தள்ளப் புகையில்லாமல் கடல்நீர் மஃப்ளரில் நிரம்பி, பின்னோக்கி வந்து வால்வு வழியாக சிலிண்டரில் இறங்கிவிடும். சிலிண்டரில் தண்ணீர், ஆனால் கேஸ்கட் பத்திரம். இதிலும் உப்புச் சோதனைதான் வழக்கைத் தீர்க்கும்.

தண்ணீரே கலக்காத கேஸ்கட் பழுது ஒன்றும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே இருக்கும் குறுகிய பகுதி எரிந்துபோனால், ஒன்றின் அழுத்தம் மற்றதற்குள் போய் இரண்டுமே சோர்ந்துவிடும். எஞ்சின் உதறும், இழுவை குறையும், கருப்புப் புகை வரும். கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தால் மற்ற சிலிண்டர்கள் 25, 30 பார் காட்ட, பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைவாக நிற்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங் இப்படி ஜோடி பார்த்துத் தேயாது. கேஜ் இல்லாத இடத்தில், டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் காதைக் கொடுப்பார்கள். காற்று டேங்கில் குமிழியாக வருகிறதா, பக்கத்து நாசில் துளையில் சீறுகிறதா, ஆயில் மூடியில் வருகிறதா என்பதை வைத்து வழி தெரியும். காற்று விடும்போது கிராங்க் சட்டென்று சுழலக்கூடும். ஸ்பேனரை அதில் மாட்டியபடி விட்டுவிடக் கூடாது.

இத்தனை சோதனையும் செய்த பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும்: கேஸ்கட் போயிருக்கிறதா, ஹெட்டே விரிசல் விட்டிருக்கிறதா? இரண்டும் வெளியே காட்டும் அறிகுறிகள் ஒன்றேதான். ஹெட்டைத் தூக்காமல் பிரித்தறிய வழியில்லை. தூக்கிய பிறகு கேஸ்கட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தடம் அதில் இருக்கும். வாயு போன வழியில் கரி படிந்த கோடு. தண்ணீர் போன வழியில் துரு. கோடு தெளிவாக இருந்தால் அதற்கு நேர் மேலும் கீழும் ஹெட்டையும் பிளாக்கையும் பாருங்கள். கேஸ்கட்டில் தடமே இல்லாவிட்டால் இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருக்கும் ஒடுக்கமான இரும்பில் விரிசலைத் தேடுங்கள். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் கோடாகத் தெரியும். பட்டறையில் ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, வெந்நீரில் மூழ்கவைத்துக் காற்றேற்றியும் பார்ப்பார்கள். குளிர்ந்த இரும்பில் மூடிக்கிடக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முந்திய எஞ்சின்களின் கேஸ்கட்டுகள் பெரும்பாலும் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்துச் செய்தவை. அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். காய்ந்தபடி சுரண்டாமல், கம்பி பிரஷ் போடாமல், ஊதாமல், நன்றாக நனைத்து எடுக்க வேண்டும். இன்று கிராஃபைட் கேஸ்கட்டுகளும் பல அடுக்கு எஃகுத் தகடுகளும் வந்துவிட்டன. எஃகு வகைக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பு வேண்டும். துருவால் குழிபட்ட பழைய பிளாக்கில், அந்த எஞ்சினுக்கென்று கிடைக்குமானால், கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும் கிராஃபைட் வகையே என் விருப்பம்.

அந்தக் குழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், வீரியம் கூடிய உலோகம் கரைந்து மற்றதைக் காக்கும். ஹம்ப்ரி டேவி 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக் கவசம் அரிக்காமலிருக்க, அதில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். அரிப்பு நின்றது. ஆனால் செம்பு கரைந்துகொண்டிருந்தபோது கொட்டலசுகளும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. செம்பு பத்திரமானதும் அவை கப்பலடியில் குடியேறின. கடற்படைக்கு அந்த யோசனை பயன்படாமல் போனது. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் செருகியிருக்கும் துத்தநாகக் குச்சி டேவியின் யோசனையேதான். அது கரைந்து தீர்ந்துபோனதைப் பார்க்காமல் விட்டால் அடுத்து எக்ஸ்சேஞ்சரின் உலோகம் கரையும், குழாய் ஓட்டையாகும், கடல்நீர் டேங்குக்குள் வரும், பிறகு பிளாக்கின் மேற்பரப்பில் தண்ணீர்த் துளைகளின் ஓரமெல்லாம் அரிக்கும். கேஸ்கட் எத்தனை புதியதாக இருந்தாலும் உட்கார இடமில்லாமல் போகும்.

ஆகவே அளக்க வேண்டும். நேரான எஃகுப் பட்டையை ஹெட்டின் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபில்லர் கேஜ் எங்கே நுழைகிறது என்று பார்ப்பார்கள். பல எஞ்சின்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள்தான் அனுமதி. சரியான எண் அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் பட்டறையில் சீவ வேண்டும். சீவச் சீவ வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையேயான இடைவெளி குறையும் என்பதால் அதற்கும் எல்லை உண்டு. இதை எல்லோரும் செய்கிறார்கள். அவசரத்தில் விட்டுப்போவது, பிளாக்குக்குள் செருகிய சிலிண்டர் உறையான லைனரை அளப்பது. தண்ணீர் நேரடியாகத் தொடும் வகை லைனர்கள் பிளாக்கின் பரப்பைவிட ஒரு துளி உயரமாக நிற்க வேண்டும். அந்தத் துருத்தல்தான் சிலிண்டர் வாயைச் சுற்றிக் கேஸ்கட்டில் இருக்கும் நெருப்பு வளையத்தை அமுக்கிப் பிடிக்கிறது. அடியில் இருக்கும் இருக்கை அரித்து ஒரு லைனர் மட்டும் கீழிறங்கிவிட்டால், ஹெட் அதன்மேல் உட்காரவே உட்காராது. அந்த எஞ்சினில் ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்பப் போகும். டயல் கேஜ் வைத்து அளக்கப் பத்து நிமிடம் பிடிக்கும்.

இறுக்குவதில் உப்புக் காற்றும் கை வைக்கிறது. டார்க் ரெஞ்ச் காட்டும் முறுக்கில் பாதியளவு போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், ஏறத்தாழ 40 சதவீதம் மரைகளின் உராய்விலும் செலவாகிறது. போல்ட்டை நீட்டுவதற்குப் போவது மிச்சமிருக்கும் பத்து சதவீதம்தான். மரையில் துரு இருந்தால் அந்தப் பத்தும் குறைந்துவிடும். ரெஞ்ச் சரியான எண்ணில் ‘டிக்’ என்று சொல்லும், போல்ட் பாதிகூட நீண்டிருக்காது. மரைகளைச் சுத்தம் செய்து, கையேடு சொல்கிற இடத்தில் லேசாக ஆயில் தடவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று நான்கு சுற்றில் இறுக்க வேண்டும். போல்ட் துளைகளின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் அமுங்காது, போல்ட் இறங்கும்போது பிளாக்கையே பிளந்துவிடும். நசுங்கும் வகைக் கேஸ்கட் என்றால் எஞ்சினைச் சூடேற்றி ஓட்டி, கையேடு சொல்கிற நிலையில் மறுபடி இறுக்கியாக வேண்டும். முன்பு சொன்ன அந்த 0.1 மில்லிமீட்டரைத் திருப்பிப் பிடிப்பதற்காகத்தான் இது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் பழகிப்போன வைத்தியம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பைபாஸ் வழியை அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் குறுக்கு வழியில் திரும்பிவிடும். குளிரும் என்று எடுத்தது பாரம் ஏறும்போது கொதிக்கவைக்கும். கெட்டுப்போயிருந்தால் வெந்நீரில் போட்டு எந்தச் சூட்டில் திறக்கிறது என்று பார்த்து, புதியது வாங்கிப் போடலாம்.

கடலில் இருக்கும்போதே கேஸ்கட் போனால்? முதலில் வலையை ஏற்றிவிட்டுப் பாரத்தைக் குறைக்க வேண்டும். கொதித்த எஞ்சினை அப்படியே அணைக்காமல், தண்ணீரும் ஆயில் அழுத்தமும் இருக்கிற வரை சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்லது. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். கை வைக்கும் சூட்டுக்கு இறங்கட்டும். ஆயில் வெளுத்திருந்தால் மறுபடி போடவே கூடாது. பேரிங்குகள் சில மணி நேரத்தில் போய்விடும். வேறு படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்து வருவதே மலிவு. ஆயில் நன்றாக இருந்து, வாயு மட்டும் தண்ணீரில் குமிழியிட்டால், எந்த சிலிண்டர் என்று தெரிகிற பட்சத்தில் அதன் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, வரும் டீசலை ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டால் அந்த சிலிண்டரில் நெருப்பு எரியாது, குமிழி குறையும். டேங்கு மூடியை முழுதாக இறுக்காமல் விட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி, குறைந்த வேகத்தில் கரை சேரலாம்.

கரை வந்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாது. சிலிண்டரில் இறங்கிய தண்ணீர் ஓர் இரவுக்குள் ரிங்குகளை லைனரோடு துருப்பிடிக்க வைக்கத் தொடங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டரை அமுக்கினால், அமுங்காத தண்ணீரில் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். அன்று இரவே எல்லா நாசில்களையும் கழற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றித் தண்ணீரைத் துளை வழியே வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி இன்னும் இரண்டு சுற்று சுற்றி வைக்க வேண்டும். சம்ப்பிலிருந்து ஒரு புட்டி, டேங்கிலிருந்து ஒரு புட்டி, ஜெட்டியிலிருந்து ஒரு புட்டி தண்ணீரையும் அப்போதே பிடித்து, பேர் எழுதி ஒட்டிவிடுங்கள்.